அலுவலக நிர்வாகப் பணிக்குப் பயிற்சி: வகுப்பில் எதைக் கற்கலாம், வேலையில்தான் எதைக் கற்க முடியும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். அறிவியலில் பட்டம் பெற்று, வாடிக்கையாளர் உதவி மையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை பார்த்துவிட்டு, இப்போது அலுவலக நிர்வாகப் பணிக்கு மாற விரும்புகிறீர்கள். ஓராண்டு டிப்ளமோவில் சேர்வதா, மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு போதுமா, எதிலும் சேராமல் கிடைக்கிற வேலையில் உட்கார்ந்து அங்கேயே கற்றுக்கொள்வதா என்பது முதல் கேள்வி. செயற்கை நுண்ணறிவு இவ்வளவு வேகமாக வரும்போது இந்த வேலையை நம்பிப் படிக்கலாமா என்பது இரண்டாவது. இடையில் சுருக்கெழுத்து கற்க வேண்டுமா, பதவி உயர்வு எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே என்று எனக்குப் படுகிறது: இந்த வேலையில் சொல்லிக்கொடுத்து வருவது எவ்வளவு, செய்து பார்த்து மட்டுமே வருவது எவ்வளவு? அலுவலகங்களை நடத்துவதிலும், பின்னர் புதிதாகச் சேர்கிறவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவதிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கருவிகளைப் பொறுத்தவரை மூன்று நான்கு மாத ஒழுங்கான பயிற்சி போதும். அதற்கு மேல் நீளும் எந்தப் படிப்பும், நீங்கள் எழுதுவதையும் தொகுப்பதையும் ஒருவர் வாரந்தோறும் வாங்கிப் பார்த்துத் திருத்தித் தருவதாக இருந்தால் மட்டுமே பணம் கட்டத் தகுந்தது என்பது என் கருத்து.

அலுவலக நிர்வாகம் என்ற பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட வேலைகள் அடங்கியிருக்கின்றன. வரவேற்பில் அமர்கிறவர், அலுவலக உதவியாளர், ஓர் இயக்குநரின் தனிச் செயலர், முழு அலுவலகத்துக்கும் பொறுப்பான நிர்வாக மேலாளர் ஆகிய எல்லோரையும் அந்தச் சொல் குறிக்கும். விளம்பரங்களில் காணும் தகுதிப் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் இந்த வேலைகள் எல்லாவற்றின் மையத்திலும் இருப்பது ஒரு பொறுப்புதான்: செய்வதாக யாரோ ஒப்புக்கொண்ட காரியம் உரிய நாளில் நடந்ததா என்று கடைசிவரை தொடர்ந்து பார்ப்பது. இயக்குநரின் பயணம் ஒரு நாள் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் மாற்றினால் வேலை முடிந்துவிட்டது என்று புதியவர் நினைப்பார். அன்று அவர் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தின் கெடு, அவர் தலைமையில் நடக்க வேண்டிய நேர்காணலுக்கு வெளியூரிலிருந்து கிளம்பிவிட்ட விண்ணப்பதாரர், அவர் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சம்பளப் பட்டியல் ஆகிய மூன்றும் அந்த ஒரு மாற்றத்தோடு நகர்கின்றன என்பதை அனுபவமுள்ளவர் யாரும் சொல்லாமலே பார்ப்பார். இந்தப் பார்வையை எந்தப் பாடத்திட்டமும் நேரடியாகத் தந்துவிடாது. ஆனால் அதற்கு இடம்கொடுக்கும் கைத்திறன்களைத் தர முடியும். தட்டச்சிலும் எக்ஸெல் போன்ற விரிதாள் மென்பொருளிலும் தடுமாறிக்கொண்டிருப்பவருக்கு இப்படிச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்காது.

கைத்திறன்களில் முதலாவது தட்டச்சு. விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யக் கற்பதைத் தவிர்க்க வழியில்லை. வேகத்தைக் கணக்கிடும்போது இடைவெளி உட்பட ஐந்து விசைத் தட்டல்கள் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நிமிடத்துக்கு 40 சொற்கள், பிழை மிகக் குறைவு என்ற நிலை பெரும்பாலான பணிகளுக்குப் போதுமானது. தினம் அரை மணி நேரம் விடாமல் பழகினால் இரண்டு மூன்று மாதங்களில் அந்த நிலைக்கு வந்துவிடலாம். இதற்கு வகுப்பே வேண்டியதில்லை, இலவசமாகப் பழக்கும் மென்பொருள்கள் ஏராளமாக உள்ளன. சுருக்கெழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிட்மன் முறை 1837இலும் கிரெக் முறை 1888இலும் வெளிவந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் செயலர் பணிக்கு அதுவே நுழைவுச்சீட்டாக இருந்தது. இன்று நீதிமன்றம், சட்டமன்றம், சுருக்கெழுத்தாளர் என்றே பெயரிட்ட அரசுப் பணியிடங்கள் ஆகியவற்றைக் குறிவைப்பவருக்கு அது தேவை. மற்றவர்கள் அந்த நேரத்தை விரிதாளுக்குக் கொடுக்கலாம்.

விரிதாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சி மையங்கள் மிக மேலோட்டமாகக் கற்பிப்பது இதைத்தான். வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல், இன்னொரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் வி-லுக்அப் அல்லது எக்ஸ்-லுக்அப், தரவுகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் ஆகியவற்றை எல்லா மையங்களும் கற்றுத்தருகின்றன, அவை வேண்டும். ஆனால் அலுவலகத்தில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் சூத்திரம் தெரியாததால் வருவதில்லை. விரிதாள் தானாக ஒரு மாற்றத்தைச் செய்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஊழியர் எண்ணை எக்ஸெலில் உள்ளிட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் மறைந்துவிடும். 16 இலக்க அட்டை எண்ணையோ கணக்கு எண்ணையோ எண்ணாகவே உள்ளிட்டால், எக்ஸெல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், கடைசி இலக்கம் பூஜ்ஜியமாக மாறிவிடும். எண் வடிவத்தில் வைத்த கட்டத்தில் பார்க்கும் கண்ணுக்கு எண் முழுதாகவே தெரியும். இத்தகைய எண்களை உள்ளிடும் முன்பே அந்தப் பத்தியை (மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசையை) உரை வடிவத்துக்கு மாற்றி வைக்க வேண்டும் என்பது, ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய, ஆனால் பலருக்கு வேலையில் அடிபட்ட பிறகே தெரியவரும் பாடம்.

தேதி இன்னொரு கண்ணி. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்பது போன்ற குறியீட்டுப் பெயர்கள் இருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருள் மாறும் என்று காத்திருப்பதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது! அதே 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் சேகரித்தது. அந்த வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளை மட்டுமே ஏற்கும். இன்றைய வடிவம் 10,48,576 வரிசைகளை ஏற்கும். வரம்பைத் தாண்டியவை சத்தமில்லாமல் விடுபட்டதில் 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போய், தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. வந்த வரிசைகள் எத்தனை, சேர்ந்த வரிசைகள் எத்தனை என்று ஒருவர் ஒப்பிட்டிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். ஒரு பட்டியலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையையும் ஒரு பத்தியின் மொத்தத்தையும் இருபுறமும் ஒப்பிடும் பழக்கம் ஒருவரிடம் இருந்தால், அவருக்குப் பிவட் டேபிள் தெரியாவிட்டாலும் நான் வேலைக்கு எடுப்பேன். பிவட் டேபிளை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

எனவே ஒரு பயிற்சி மையத்துக்குச் சென்றால், எந்தெந்தச் சூத்திரங்களைக் கற்றுத்தருகிறீர்கள் என்று கேட்பதைவிட, ஒழுங்கற்ற பட்டியல் ஒன்றைச் சரிசெய்யச் சொல்லித் தருகிறீர்களா என்று கேளுங்கள். ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்ட, தேதிகள் கலந்து கிடக்கும், இரட்டைப் பதிவுகள் உள்ள, ஐந்நூறு வரிசை கொண்ட பட்டியல்தான் உண்மையான அலுவலகத்தில் முதல் வாரமே மேசைக்கு வரும். பாடப்புத்தகத்தின் சுத்தமான எடுத்துக்காட்டுகளில் மட்டும் பழகியவர் அதைக் கண்டு திகைத்துப்போவார்.

கோப்புகளைப் பராமரிப்பதும் இதே போன்றதுதான். காகிதக் கோப்பானாலும் எல்லோரும் பகிரும் கணினிச் சேமிப்பிடமானாலும் சோதனை ஒன்றே: நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில், உங்களைத் தொலைபேசியில் அழைக்காமல், இன்னொருவர் அதை இரண்டு நிமிடத்தில் எடுக்க முடிய வேண்டும். கோப்புப் பெயரின் தொடக்கத்தில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-04 என்று எழுதினால் கணினி அவற்றைத் தானே காலவரிசைப்படி அடுக்கிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்வதும் இந்த வரிசையைத்தான். 03/04 என்று எழுதினால் ஒரு நாட்டில் ஏப்ரல் மூன்றாம் தேதி, இன்னொரு நாட்டில் மார்ச் நான்காம் தேதி. ஒரே ஆவணத்துக்கு ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘திருத்திய இறுதி’ என்று பெயர்கள் பெருகும் அலுவலகத்தில், எது கையெழுத்தானது என்று ஒருநாள் நிச்சயமாகத் தகராறு வரும். எதை வைத்திருக்க வேண்டும், எத்தனை ஆண்டுகள், யார் அனுமதியுடன் அழிக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அட்டவணை இருக்க வேண்டும். ஆவண மேலாண்மைக்கென்றே ஐஎஸ்ஓ 15489 என்ற தரம் 2001இல் வந்து 2016இல் திருத்தப்பட்டது. தொடக்கநிலையில் அதைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அழிப்பதற்கும் ஒரு முறை உண்டு, அதற்கும் பதிவு வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். பழையது என்று நினைத்து ஒரு பெட்டியைக் காலி செய்பவர், வழக்கில் கேட்கப்படவிருக்கும் ஆவணத்தைக் குப்பைக்கு அனுப்பிவிடக்கூடும்.

எல்லாவற்றையும்விட அதிகப் பயிற்சி தேவைப்படுவது எழுத்துக்குத்தான். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கூடுதல் எடை கொடுப்பதும் இதற்குத்தான். புதியவர்கள் எழுதும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “ஐயா, தாங்கள் கூறியபடி கூட்டம் தொடர்பாக அனைவரிடமும் பேசினேன். சிலர் வர இயலாது என்கின்றனர். தயவுசெய்து ஆலோசனை கூறவும்.” மரியாதைக்குக் குறைவில்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் படிப்பவர் திரும்பவும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. அதையே இப்படி எழுதலாம்: “செவ்வாய் 11 மணிக் கூட்டத்துக்கு எட்டுப் பேரில் ஏழு பேர் வருகிறார்கள். கணக்குப் பிரிவுத் தலைவர் அன்று விடுப்பில் இருக்கிறார். அவர் இல்லாமல் நிகழ்ச்சி நிரலின் இரண்டாவது பொருளை முடிவு செய்ய முடியாது. புதன் 3 மணிக்கு எட்டுப் பேரும் வர முடியும், அறையும் காலியாக உள்ளது. இன்று மாலை நான்கு மணிக்குள் தாங்கள் வேறு சொல்லாவிட்டால், கூட்டத்தைப் புதனுக்கு மாற்றி அழைப்பு அனுப்பிவிடுகிறேன்.” இரண்டாவது கடிதம் நீளமானதுதான், ஆனாலும் மேலதிகாரியின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதை எழுத வேண்டுமானால் எழுதுவதற்கு முன்பே நாட்காட்டியைப் பார்த்து, அறையை விசாரித்து, யார் இல்லாமல் எது நடக்காது என்று யோசித்திருக்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதையும், தகவல் தெரிவித்துவிட்டுச் செய்துவிடக்கூடியதையும் பிரித்து அறிவதும் இதில் அடங்கும். செலவோ ஒப்பந்தமோ சம்பந்தப்பட்ட இடத்தில் ‘வேறு சொல்லாவிட்டால் செய்துவிடுகிறேன்’ என்ற வாக்கியத்தை நான் யாரையும் எழுத விடமாட்டேன்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இதைவிடக் கடினமானது. “இரண்டாம் மாடி அச்சு இயந்திரம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது, விரைவில் நடவடிக்கை எடுக்க முடிவு செய்யப்பட்டது” என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். “இயந்திரத்தைப் பழுதுபார்க்காமல் புதிதாக வாங்குவதென முடிவு. மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெறும் பொறுப்பு: கொள்முதல் உதவியாளர். கெடு: 14ஆம் தேதி” என்று எழுதினால்தான் அடுத்த கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடியும். யார் என்ன தொனியில் பேசினார் என்பதற்குக் குறிப்பில் இடமில்லை. ஆனால் ஒருவர் தமது மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யும்படி வெளிப்படையாகக் கேட்டால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். முடிவு என்ன என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்கே தெளிவில்லாத தருணங்கள் உண்டு, அப்போது குறிப்பெடுப்பவர் கையை உயர்த்தி, “இதை முடிவாக எழுதிக்கொள்ளலாமா, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கிறோமா?” என்று கேட்க வேண்டும். அறையில் மிக இளையவராக இருந்துகொண்டு அதைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். அடுத்த நாளுக்குள் குறிப்பு சுற்றுக்குப் போய்விட வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கூட்டம் நினைவில் இருக்கும்.

பணம் தொடர்பான நடைமுறைகளைப் பல வகுப்புகள் கணக்கியல் பாடம் என்று ஒதுக்கிவிடுகின்றன. சிறிய அலுவலகத்தில் இது நிர்வாகியின் மேசைக்குத்தான் வரும். சில்லறைச் செலவுக்கான பணத்தை ஒரு நிலையான தொகையாக வைத்து நடத்துவது பழைய, நல்ல முறை. தொகை 10,000 என்றால், எந்த நேரத்தில் பெட்டியைத் திறந்தாலும் கையிலுள்ள பணமும், செலவுக்கான சீட்டுகளான வவுச்சர்களும் சேர்ந்து 10,000 வர வேண்டும். வவுச்சர்கள் 6,350க்கு இருந்தால் பணம் 3,650 இருந்தாக வேண்டும், நிரப்பும்போது சரியாக 6,350 மட்டுமே பெற வேண்டும். பொருள் வாங்கும்போது கொள்முதல் ஆணை, பொருள் வந்து சேர்ந்ததற்கான ரசீது, விற்றவர் அனுப்பும் விலைச்சீட்டு (இன்வாய்ஸ்) ஆகிய மூன்றும் அளவிலும் விலையிலும் ஒத்துப்போனால்தான் பணம் போக வேண்டும். வாங்க முடிவு செய்பவர், பொருளைப் பெற்றுக்கொள்பவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. யாரையும் சந்தேகிப்பதற்காக ஏற்பட்ட விதியல்ல இது; பின்னால் கேள்வி வரும்போது நேர்மையானவரைக் காப்பாற்றுவதும் இந்தப் பிரிவினைதான். இன்னொன்றையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகப் பொருள் அனுப்பும் நிறுவனத்திடமிருந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும்” என்று மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், உங்கள் கோப்பில் முன்பே இருக்கும் எண்ணை அழைத்து உறுதிசெய்ய வேண்டும். உலகெங்கும் நிறுவனங்களின் பணம் களவுபோகும் வழிகளில் இது மிகப் பரவலான ஒன்று. அந்த மின்னஞ்சல் வந்து விழுவது நிர்வாக உதவியாளரின் பெட்டியில்தான்.

நாட்காட்டி நிர்வாகம் பற்றி ஒன்று மட்டும். வெளிநாட்டவருடன் கூட்டம் வைப்பவர்கள் நேர வேறுபாட்டை மனப்பாடமாக வைத்திருப்பது போதாது. அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்றும், ஐரோப்பா அதே மாதத்தின் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்நகர்த்துகின்றன. கடிகாரத்தையே தொடாத நாடுகளும் பல. ஆகவே அந்த இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான வேறுபாடு ஒரு மணி நேரம் பிசகும். அழைப்பை நாட்காட்டி மென்பொருள் வழியாகவே அனுப்புங்கள், கடிதத்தில் நேரத்தைக் குறிப்பிடும்போது எந்த ஊர் நேரம் என்று எழுதுங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. எந்த அலுவலகத்திலும் மாறாதவை. இனிச் சொல்வது என் கணிப்பு. வகுப்பறையில் கற்க முடியாதது என்று நான் கருதுவது, மேலதிகாரிக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நிற்கும் கலையைத்தான். யாரை உடனே உள்ளே விடுவது, யாருக்கு நாளை என்று சொல்வது, எந்தத் தொலைபேசி அழைப்புக்காகக் கூட்டத்தின் நடுவே கதவைத் தட்டுவது என்பவற்றுக்கு விதிமுறை எழுத முடியாது. சம்பள விவரமும் பணிநீக்கக் கடிதமும் உங்கள் கை வழியாகவே போகும். மதிய உணவு மேசையில் அதே ஆட்களுடன் அமர்ந்து எதுவும் தெரியாததுபோல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். சில நிறுவனங்கள் நடிப்புப் பயிற்சிகள் வழியாக இதைக் கற்பிக்கின்றன. கோபமான வாடிக்கையாளரைச் சமாளிப்பதற்கு அது உதவுவதை நான் பார்த்திருக்கிறேன். ரகசியம் காப்பதற்கு உதவுமா என்பது எனக்குச் சந்தேகமே. நல்ல மூத்தவர் ஒருவருக்குக் கீழ் ஓராண்டு வேலை பார்ப்பதே அதற்கு வழி.

இப்போது டிப்ளமோவா, சான்றிதழா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குறிவைக்கும் நிறுவனங்கள் விண்ணப்பங்களை வடிகட்டும்போதே டிப்ளமோவைக் கட்டாயத் தகுதியாகக் கேட்டால் வேறு வழியில்லை, சேருங்கள். கேட்காவிட்டால், அந்தப் படிப்பில் குறைந்தது இரண்டு மாதமாவது உண்மையான அலுவலகத்தில் பணிப்பயிற்சி உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத ஓராண்டுப் படிப்பு, ஏற்கெனவே பட்டமும் இரண்டாண்டு வேலை அனுபவமும் உள்ள உங்களுக்குப் பெரிதாக எதையும் கூட்டாது. பாடம் நடத்துபவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவரா, எழுதிக்கொடுப்பதைச் சிவப்பு மையில் திருத்தித் தருவாரா, தேர்வு கணினியில் செய்துகாட்டுவதா அல்லது சரியான விடையைக் குறியிடுவதா என்பவற்றையும் விசாரியுங்கள். சேர்க்கை அறையில் இருப்பவர் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் வேலைவாய்ப்பு உத்தரவாதத்தைப் பற்றியே பேசினால் எழுந்து வந்துவிடலாம். மென்பொருள் சான்றிதழ்களில் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வு ஓரளவு பயனுள்ளது. கொடுத்த வேலையை எக்ஸெல் அல்லது வேர்டிலேயே செய்துகாட்ட வேண்டிய தேர்வு என்பதால், அதில் தேறியவருக்குக் குறைந்தபட்சத் திறன் இருக்கிறது என்று நம்பலாம். 1942இல் அமெரிக்காவில் செயலர்களின் சங்கமாகத் தொடங்கிய ஐஏஏபி என்ற அமைப்பு நிர்வாகப் பணியாளர்களுக்கென ‘சிஏபி’ என்ற சான்றிதழை வழங்குகிறது. நிர்வாகப் பணியில் அனுபவம் உள்ளவர்களே அதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் இப்போதைக்கு அது உங்களுக்கானதன்று. சில ஆண்டுகள் கழித்து நினைவில் கொள்ளலாம்.

சம்பளமில்லாமல் பழகுவதற்கும் இடங்கள் உண்டு. ஏதேனும் ஒரு சங்கமோ, தொண்டு அமைப்போ, விளையாட்டுக் குழுவோ உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் நிச்சயம் இருக்கும். செயலாளர் பொறுப்புக்கு அங்கே யாரும் போட்டியிட மாட்டார்கள். ஆறு மாதம் அதை ஏற்றுக்கொண்டால் நிகழ்ச்சி நிரல், அழைப்பு, நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், சந்தா நினைவூட்டல், உள்வரும் கடிதங்களின் பதிவேடு ஆகிய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடலாம். யாருக்கும் உத்தரவிட முடியாத இடத்தில் காரியத்தை நடத்தப் பழகியவருக்கு அலுவலகம் எளிதாகவே தோன்றும். அங்கே எழுதிய ஒரு நடவடிக்கைக் குறிப்பையும், பெயர்களை மாற்றித் தயாரித்த ஒரு விரிதாளையும், ‘புதிய உறுப்பினர் சேர்ந்தால் செய்ய வேண்டியவை’ என்பது போன்ற ஒரு பக்க வழிமுறையையும் நேர்காணலுக்கு எடுத்துச்செல்லுங்கள். அந்த மூன்று தாள்களும் என் மேசையில் வைக்கப்பட்டால் நான் சான்றிதழைப் பிறகுதான் பார்ப்பேன்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டு என் ஊகத்தைத் தனியாக வைக்கிறேன். கடிதத்தின் முதல் வரைவு, நீண்ட மின்னஞ்சல் தொடரின் சுருக்கம், கூட்ட ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், நாட்காட்டியில் பொதுவான நேரம் தேடுதல் ஆகியவற்றை மென்பொருள் இப்போதே செய்கிறது. மற்றவர் எழுதியதைத் தட்டச்சு செய்து தருவது மட்டுமே வேலையாக இருந்த பணியிடங்கள், ஒவ்வொருவர் மேசைக்கும் கணினி வந்தபோதே மறையத் தொடங்கிவிட்டன. தரவுகளை உள்ளிடுவது மட்டுமே வேலையாக உள்ள பணியிடங்களுக்கும் அதே கதிதான் என்று நினைக்கிறேன். மொத்தத்தில் எத்தனை இடங்கள் குறையும் என்று யாராவது எண் சொன்னால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். என் ஊகம் இது: மென்பொருள் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில், ஒருவர் சொன்னது இன்னொருவர் பெயரில் ஏறியிருப்பதையும், ‘பார்க்கலாம்’ என்று சொன்னது ‘ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று மாறியிருப்பதையும் கண்டுபிடித்துத் தம் பொறுப்பில் கையெழுத்திட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தாமாகவே குறிப்பு எழுதிப் பழகிய கை இருந்தாக வேண்டும். ஆகவே இந்தக் கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பயிற்சிக் காலத்தில் உங்கள் கடிதத்தை அவற்றைக் கொண்டு எழுதாதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு, நிறுவனம் அனுமதிக்காத வெளிச் சேவையில் சம்பளப் பட்டியலையோ ஒப்பந்தத்தையோ ஒட்டிச் சுருக்கம் கேட்கவும் கூடாது.

என் அனுபவத்துக்கு எல்லை உண்டு. இருபது முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் தனியார் அலுவலகங்களையே நான் நேரில் அறிவேன். வழக்கறிஞர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஆவணங்களைக் கையாள்வதற்குத் தனிச் சட்டங்களும் தனிச் சொற்களும் உள்ளன. அங்கே செல்ல விரும்புபவர் அந்தத் துறைக்கான படிப்பைத்தான் பார்க்க வேண்டும். போட்டித் தேர்வு வழியாகச் செல்லும் அரசுப் பணிக்கு அதன் பாடத்திட்டமே வழிகாட்டி, நான் சொன்ன எதுவும் அதற்கு மாற்றாகாது. பதவி உயர்வு பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிர்வாகப் பணியிலேயே மேலே செல்லும் படிகள் சிறிய நிறுவனத்தில் சீக்கிரமே முடிந்துவிடும். மனிதவளம், கொள்முதல், திட்ட ஒருங்கிணைப்பு ஆகியவற்றில் ஒன்றுக்குப் பக்கவாட்டில் நகர்ந்தவர்களே நீண்ட தூரம் சென்றதை நான் கண்டிருக்கிறேன். முதல் இரண்டாண்டில் எந்த வேலை உங்கள் மேசைக்கு வரும்போது எரிச்சல் வராமல் இருக்கிறது என்று கவனித்து அந்தத் திசையைத் தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இப்போதுள்ள வேலையை விடாமல் தட்டச்சையும் விரிதாளையும் மாலை வேளையில் பழகி, அதே நேரத்தில் ஒரு சங்கத்தின் குறிப்புகளை எழுதத் தொடங்கி, நான்காவது மாதம் முதல் விண்ணப்பங்களை அனுப்புவேன். ஆறு மாதம் விண்ணப்பித்தும் நேர்காணலுக்கே அழைப்பு வராவிட்டால் அப்போது டிப்ளமோவைப் பற்றி யோசிப்பேன். விண்ணப்பத்தில் உதவி மைய வேலையை ‘வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதிலளித்தேன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஒரு நாளில் எத்தனை அழைப்புகள் வந்தன, தீர்க்க முடியாததை யாருக்கு எப்படி அனுப்பினீர்கள், அனுப்பியது முடிந்ததா என்று எப்படித் தொடர்ந்து பார்த்தீர்கள், அதை எங்கே பதிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணல் செய்பவர் அந்த வரிகளில் நின்று கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.